டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ்: 8443, 502, 127.0.0.1 எங்கிருந்து வருகின்றன?

கேள்வி இது: உபுண்டு சர்வரில் டாம்கேட் 9 (ஜாவா வலைப் பயன்பாடுகளை ஓட்டும் சர்வர்) தனியாக 8080 போர்ட்டில் ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் வெப் சர்வர்) வைத்து எச்டிடிபிஎஸ் போட்டதும் மூன்று தொல்லைகள். லாகின் பக்கத்துக்குப் போனால் முகவரி 8443 போர்ட்டுக்குத் தாவுகிறது. படிவம் அனுப்பும்போது எப்போதாவது 502 (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை) வருகிறது. அக்சஸ் லாகில் எல்லாப் பயனர்களும் 127.0.0.1 என்றே, அதாவது அந்தச் சர்வரின் சொந்த உள் முகவரியாகவே, பதிவாகிறார்கள். இதற்குப் பேசாமல் அப்பாச்சிக்கு மாறி ஏஜேபி வழியாக இணைத்துவிடலாமா?

மாற வேண்டாம். இப்போது டாம்கேட்டோடு பேசுவது உலாவி அல்ல, என்ஜின்எக்ஸ். வந்தவர் யார், எந்த வழியாக வந்தார், எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று யாராவது சொன்னால்தான் டாம்கேட்டுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இரண்டும் தத்தம் இயல்பு மதிப்புகளோடு ஓடும். அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நீங்கள் சொன்ன மூன்றும் அந்தப் பொருத்தமின்மையின் மூன்று முகங்கள்தான்.

ஏஜேபி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது வெப் சர்வரும் டாம்கேட்டும் தமக்குள் பேச ஒரு பைனரி நெறிமுறை. பயனரின் ஐபி, எச்டிடிபிஎஸ்ஸா இல்லையா போன்ற விவரங்களைத் தானாகவே சுமந்து செல்லும். அந்த வகையில் உங்கள் கணக்கு தவறில்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியானது. ஏஜேபியின் 8009 போர்ட் வெளியே திறந்திருந்தால், பயன்பாட்டின் உள்ளேயிருக்கும் கோப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. 9.0.31 பதிப்பிலிருந்து ஏஜேபி கனெக்டர் (டாம்கேட் இணைப்புகளை வாங்கும் வாசல்) இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. இயக்கினாலும் லூப்பேக் முகவரியில் (அதே கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) மட்டுமே கேட்கும், ரகசியச் சொல்லும் கட்டாயம். பழைய வழிகாட்டியைப் பார்த்து ஏஜேபி போடுபவர்கள் 403 வாங்குவதற்குப் அந்த ரகசியச் சொல் ஒரு காரணம். என்ஜின்எக்ஸ் ஏஜேபியை நேரடியாகப் பேசாது என்பது வேறு. புதிதாக அமைக்கும் எவருக்கும் சாதாரண எச்டிடிபியே போதும். கர்ல் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) வைத்துச் சோதிக்கலாம் என்ற ஒரு வசதிக்காகவே நான் அதைத்தான் சொல்வேன்.

இனிக் கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் தருகிறேன். கோப்பில் அவற்றின் வழக்கமான எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள்.

முகவரி

டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் 8080 கனெக்டருக்கு அட்ரஸ்="127.0.0.1" என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 8080 வெளியுலகத்துக்கும் திறந்திருக்கும். என்ஜின்எக்ஸில் போட்ட பாதுகாப்பையெல்லாம் சுற்றிக்கொண்டு யாரும் நேரே உள்ளே வரலாம்.

என்ஜின்எக்ஸ் பக்கம், கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி_பாஸ் வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாதீர்கள், 127.0.0.1 என்றே எழுதுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் லோக்கல்ஹோஸ்ட் பல கணினிகளில் இரண்டு முகவரிகளாக விரியும்: 127.0.0.1 ஒன்று, ஐபிவி6 லூப்பேக் ஒன்று. என்ஜின்எக்ஸ் இரண்டையும் இரு தனிச் சர்வர்களாக எடுத்துக்கொண்டு மாறி மாறி முயலும். டாம்கேட் ஒன்றில்தான் கேட்கிறது என்பதால் மற்றது மறுக்கப்பட்டு, எரர் லாகில் 111 (இணைப்பு மறுக்கப்பட்டது) எண்ணோடு வரிகள் குவியும். வம்பு அதோடு நிற்காது. குழுவில் ஒரே சர்வர் இருந்தால் என்ஜின்எக்ஸ் அதை ஒருபோதும் செத்துவிட்டதாகக் குறிக்காது. இரண்டு இருந்தாலோ, ஒரு தடவை தோற்றதும் 10 விநாடிக்கு ஒதுக்கி வைக்கும். உயிரோடிருக்கும் ஒன்றே ஒன்றும் ஒரு கணம் தடுமாறினால், "நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்" என்று சொல்லி வருபவர்கள் அனைவருக்கும் 502 கொடுக்கும்.

அடுத்தது சாய்கோடு. வெளியே /கடை/ என்ற பாதை. என்ஜின்எக்ஸில் ஒரு பாதைக்கான விதிகளை எழுதும் லொகேஷன் தொகுதியும் அதற்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். ப்ராக்ஸி_பாஸ் 8080 என்ற எண்ணோடு முடிந்தால், /கடை/பில் என்ற கோரிக்கை டாம்கேட்டுக்கு அப்படியே /கடை/பில் என்று போகும். 8080-க்குப் பின் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால் முன்பகுதி வெட்டப்பட்டு வெறும் /பில் என்று போகும். லொகேஷனைச் சாய்கோடு இல்லாமல் /கடை என்று எழுதி, ப்ராக்ஸி_பாஸில் மட்டும் சாய்கோடு வைத்தால் //பில் என்று இரட்டைக் கோட்டோடு போகும். 404 வந்தால் முதலில் இந்த ஓர் எழுத்தைப் பாருங்கள்.

வெளிப்பாதையும் உள்பாதையும் வேறாக இருப்பதையே தவிர்ப்பது நல்லது. காரணம் குக்கி. உள்ளே /கடை என்ற பாதையில் பயன்பாடு ஓடினால், டாம்கேட் அமர்வுக் குக்கிக்கு /கடை என்ற பாதையைக் குறித்து அனுப்பும். வெளியே அதே பயன்பாட்டை வெறும் சாய்கோட்டில் காட்டினால், உலாவி அந்தக் குக்கியைத் திருப்பி அனுப்பாது. கடவுச்சொல் சரி, பிழைச்செய்தி இல்லை, ஆனால் மறுபடியும் லாகின் பக்கமே வந்து நிற்கும். ப்ராக்ஸி_குக்கி_பாத் என்ற கட்டளையால் இதைத் திருத்தலாம்தான். ஆனால் பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகளையும் படங்களையும் அது தொடாது. பயன்பாடு பொதிந்திருக்கும் வார் கோப்புக்கு ரூட் என்று பெரிய எழுத்தில் பெயர் மாற்றி டாம்கேட்டின் வேரிலேயே ஓட விட்டால் இந்தத் தலைவலி அத்தனையும் போய்விடும்.

வந்தவர் யார்

8443 எங்கிருந்து வருகிறது என்று இப்போது பார்க்கலாம். உங்கள் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ட்ரான்ஸ்போர்ட்-கேரண்டி என்ற இடத்தில் கான்ஃபிடென்ஷியல் என்று இருக்கும். இந்தப் பக்கத்தை எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே தர வேண்டும் என்பது அதன் பொருள். என்ஜின்எக்ஸ் வரை எச்டிடிபிஎஸ்தான். ஆனால் அங்கிருந்து டாம்கேட்டுக்கு வருவது வெறும் எச்டிடிபி. "பாதுகாப்பில்லாத வழியாக வந்திருக்கிறார்" என்று டாம்கேட் நினைத்து, கனெக்டரில் ரீடைரக்ட்போர்ட் என்று எழுதியிருக்கும் எண்ணுக்கு அனுப்புகிறது. நிறுவும்போது வரும் கோப்பிலேயே அந்த எண் 8443 என்று இருக்கிறது. சிலர் அதை 443 என்று மாற்றிப் பார்ப்பார்கள். அப்போது தாவல் நின்றுவிடாது, முடிவில்லாச் சுழலாக மாறும். 443-க்குப் போனாலும் அங்கிருப்பது அதே என்ஜின்எக்ஸ், அது மறுபடியும் எச்டிடிபியில்தானே அனுப்பும்!

ஆகவே என்ஜின்எக்ஸ் சொல்ல வேண்டும், டாம்கேட் கேட்க வேண்டும். சொல்வதற்கு நான்கு வரிகள்:

ப்ராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ரியல்-ஐபி $ரிமோட்_ஆடர்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $ப்ராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ $ஸ்கீம்;

இரண்டாவது வரியை டாம்கேட் படிப்பதில்லை. சில பயன்பாடுகள் தாமே படிக்கும் என்பதால் வழக்கமாகச் சேர்ப்பது. முதல் வரி இல்லாவிட்டால் ஹோஸ்ட் என்ற இடத்தில் 127.0.0.1:8080 என்றே போகும். பயன்பாடு கட்டும் முழு முகவரிகளிலும், அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புகளிலும் அதுவே எட்டிப்பார்க்கும். 443 அல்லாத போர்ட்டில் என்ஜின்எக்ஸ் ஓடினால் $ஹோஸ்ட் வேண்டாம். அது போர்ட் எண்ணை உதிர்த்துவிடும். அங்கே $எச்டிடிபி_ஹோஸ்ட் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த நான்கு வரிகளையும் சர்வர் தொகுதியில் எழுதிவிட்டு, உள்ளே ஒரு லொகேஷனில் வேறு ஏதோ காரணத்துக்காக ஐந்தாவதாக ஒரு ப்ராக்ஸி_செட்_ஹெடர் சேர்த்தால், மேலே எழுதிய நான்கும் அந்த லொகேஷனுக்குச் செல்லாது. இவை கூட்டிச் சேர்வதில்லை. உள்ளே ஒன்று இருந்தால் வெளியே உள்ளவை மொத்தமும் கைவிடப்படும். வெப்சாக்கெட்டுக்காக அப்கிரேட் தலைப்பைச் சேர்த்த நாளிலிருந்து அந்தப் பாதையில் மட்டும் ஐபி தவறாக வருகிறது என்றால் காரணம் இதுதான். நான்கையும் தனிக் கோப்பில் வைத்து ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்துவிடுங்கள்.

கேட்பதற்கு, சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஹோஸ்ட் உறுப்புக்குள் ரிமோட்ஐபிவால்வ் என்ற வால்வை (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து செல்லும் டாம்கேட் கூறு) சேர்க்க வேண்டும். அதன் ப்ரோட்டோகால்ஹெடர் பண்புக்கு எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்று வெளிப்படையாகவே கொடுங்கள். பழைய பதிப்புகளில் இதற்கு இயல்பு மதிப்பே கிடையாது. இதன் பிறகு கோரிக்கை பாதுகாப்பானது என்று டாம்கேட் ஒப்புக்கொள்ளும், 8443 தாவல் நின்றுவிடும், அமர்வுக் குக்கியிலும் செக்யூர் அடையாளம் சேரும்.

வால்வைச் சேர்த்த பிறகும் அக்சஸ் லாகில் 127.0.0.1 வருகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். அக்சஸ்லாக்வால்வில் ரிக்வெஸ்ட்ஆட்ரிபியூட்ஸ்எனேபிள்ட்="ட்ரூ" என்றும் சேர்க்க வேண்டும். பயன்பாட்டுக்குச் சரியான ஐபி போய்க்கொண்டிருக்கும், லாக் மட்டும் பழைய முகவரியையே எழுதும்.

இந்தத் தலைப்புகளை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாமே என்ற சந்தேகம் நியாயமானது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பில் இருப்பது ஒரு முகவரிப் பட்டியல்; வால்வ் அதை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. உள் முகவரிகளாகத் தெரிந்தவற்றைக் கழித்துவிட்டு, முதலில் எதிர்ப்படும் அந்நிய முகவரியில் நின்றுவிடும். என்ஜின்எக்ஸ் உண்மையான முகவரியை வலது ஓரத்தில்தான் ஒட்டுகிறது என்பதால் இடப்பக்கம் யார் என்ன எழுதினாலும் செல்லாது. 127, 10, 192.168, 172.16 முதல் 172.31 வரையிலான தனியார் வரம்புகள் இயல்பாகவே உள் முகவரிகளாக ஏற்கப்பட்டிருக்கின்றன. என்ஜின்எக்ஸ் பொது ஐபி கொண்ட வேறொரு கணினியில் இருந்தால் அதை நீங்கள்தான் இன்டர்னல்ப்ராக்ஸீஸ் பண்பில் சேர்க்க வேண்டும்.

ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்புக்குள் டாம்கேட் உட்கார்ந்திருந்தால் சர்வர்.எக்ஸ்எம்எல்லே இருக்காது. அங்கே சர்வர்.ஃபார்வர்ட்-ஹெடர்ஸ்-ஸ்ட்ராட்டஜி என்ற அமைப்புக்கு நேட்டிவ் என்று கொடுத்தால் இதே வால்வ்தான் உள்ளே இயங்கும்.

என்ஜின்எக்ஸைத் தொடாமலே இதைச் சோதிக்கலாம். சர்வருக்குள் நுழைந்து, கர்ல் மூலம் 127.0.0.1:8080 முகவரியிலுள்ள லாகின் பக்கத்துக்கு, எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ: எச்டிடிபிஎஸ் என்ற தலைப்போடு ஒரு கோரிக்கை அனுப்பிப் பதில் தலைப்புகளைப் பாருங்கள். 200 வந்தால் டாம்கேட் கேட்கிறது. இன்னும் சிக்கல் இருந்தால் என்ஜின்எக்ஸ் சொல்லவில்லை என்று பொருள். 302-உம் (வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் பதில்) 8443 அடங்கிய லொகேஷன் தலைப்பும் வந்தால் வால்வை எங்கோ தவறாக வைத்திருக்கிறீர்கள். பாதி நேரம் எந்தப் பக்கம் தவறு என்று தெரியாமலேயே இரு பக்கமும் மாற்றிக்கொண்டிருப்பதில்தான் போகிறது.

நேரம்

படிவம் அனுப்பும்போது மட்டும், அதுவும் எப்போதாவது 502 என்கிறீர்கள். "படிவம் மட்டும்" என்பதுதான் துப்பு. பின்னாலுள்ள சர்வர்களைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் தொகுதியில் நீங்கள் கீப்அலைவ் போட்டிருப்பீர்கள்.

நடப்பது இதுதான். கீப்அலைவில் என்ஜின்எக்ஸ் டாம்கேட்டுக்கான இணைப்புகளை மூடாமல் வைத்திருந்து மறுபடி பயன்படுத்துகிறது. சும்மா இருக்கும் இணைப்பை 60 விநாடி வரை வைத்திருக்கும். டாம்கேட்டில் கீப்அலைவ்டைம்அவுட் தனியாகக் கொடுக்காவிட்டால் கனெக்‌ஷன்டைம்அவுட் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். கோப்போடு வரும் மதிப்பு 20000 மில்லிவிநாடி, அதாவது 20 விநாடி. எனவே எப்போதும் டாம்கேட்தான் முதலில் கதவைச் சாத்துகிறது. சாத்திய செய்தி வந்தடைந்தால் என்ஜின்எக்ஸ் அந்த இணைப்பைத் தூக்கிப் போட்டுவிடும், பாதகமில்லை. ஆனால் டாம்கேட் சாத்திக்கொண்டிருக்கும் அதே கணத்தில் என்ஜின்எக்ஸ் அதில் ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டால்? எரர் லாகில் 104 (எதிர்ப்பக்கம் இணைப்பை அறுத்தது) எண்ணோடு ஒரு வரி, அல்லது "அப்ஸ்ட்ரீம் ப்ரீமெச்சூர்லி க்ளோஸ்ட் கனெக்‌ஷன்" என்று ஒரு வரி விழும். அது பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கை என்றால் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் வேறு இணைப்பில் மீண்டும் அனுப்பிவிடும், பயனருக்குத் தெரியவே தெரியாது. படிவத்தைச் சுமக்கும் போஸ்ட் என்றால் அனுப்பாது. ஒருவேளை டாம்கேட் அதை ஏற்கெனவே செயல்படுத்தியிருந்தால் ஒரே பணம் இரண்டு முறை கழிந்துவிடுமே. அதனால் 502 தந்து ஒதுங்கிக்கொள்கிறது.

தீர்வு, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. டாம்கேட் கனெக்டரில் கீப்அலைவ்டைம்அவுட்="75000" என்று போடுங்கள். 60-ஐவிடப் பெரிதாக இருந்தால் சரி. இதற்குப் பதில் ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீம் வரியில் நான்_ஐடெம்பொடென்ட் (போஸ்ட்டையும் மீண்டும் அனுப்பலாம் என்ற அனுமதி) சேர்த்தால் 502 மறைந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. மறையும்; மேலே சொன்ன இரட்டைக் கழிவும் சாத்தியமாகிவிடும். வேண்டாம்.

கீப்அலைவ் உண்மையில் வேலை செய்ய இன்னும் இரண்டு வரிகள் வேண்டும்: ப்ராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1, மற்றும் கனெக்‌ஷன் தலைப்பை வெற்று மேற்கோளாக வைக்கும் ஒரு ப்ராக்ஸி_செட்_ஹெடர். பரவலாக ஓடும் பதிப்புகளில் இவை இல்லாவிட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்புத்தான். கீப்அலைவ் எண் 32 போதும். அது திறந்து வைத்திருக்கும் சும்மா இணைப்புகளின் வரம்பு, மொத்த இணைப்புகளின் வரம்பு அல்ல.

502-க்கு வேறு வழிகளும் உண்டு. எரர் லாகில் 111 என்றால் டாம்கேட் அந்த முகவரியில் கேட்கவேயில்லை. 13 என்றால் அனுமதி மறுப்பு. உபுண்டுவில் அரிது, ரெட் ஹேட் குடும்பத்தில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கின் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்ற பூலியனை இயக்கினால் தீரும். "டூ பிக் ஹெடர்" என்று வந்தால் பயன்பாடு அனுப்பும் தலைப்புகள் ப்ராக்ஸி_பஃபர்_சைஸின் 4 அல்லது 8 கேபிக்குள் அடங்கவில்லை. பருத்த குக்கிகளும் டோக்கன்களும்தான் காரணம். 16 கேபி கொடுங்கள், கூடவே ப்ராக்ஸி_பஃபர்ஸையும் அதற்கேற்பப் பெரிதாக்குங்கள்; இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் அந்த அமைப்பை ஏற்காமல் போகலாம்.

504 வேறு கதை. 60 விநாடிக்குள் டாம்கேட் பதில் தரவில்லை. ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்டை 300 ஆக்கிவிட்டு நகர்வது எளிது, பெரும்பாலும் தவறு. டாம்கேட்டில் இயல்பாக 200 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்). அவை எல்லாம் தரவுத்தளத்துக்குப் போக ஹிகாரி என்ற ஜாவா நூலகத்தின் இணைப்புக் குளத்தில் இயல்பாக இருப்பது 10 இணைப்புகள். ஒரு வினவல் தாமதமானால் 10 இணைப்பும் நிரம்பி, மீதி 190 த்ரெட்கள் வாசலில் நிற்கும். நேரத்தைக் கூட்டினால் வரிசைதான் நீளும். த்ரெட் டம்ப் (அந்தக் கணத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் இருக்கும் இடத்தின் பட்டியல்) எடுத்து எல்லாம் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கூட்டத்தான் வேண்டும் என்றால், அறிக்கை தயாரிக்கும் அந்த ஒரு பாதையின் லொகேஷனில் மட்டும் கூட்டுங்கள்.

கோப்பு ஏற்றுதல்

கேட்கவில்லை என்றாலும் அடுத்து இதில்தான் மாட்டுவீர்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் எதையும் ஏற்காது, 413 (கோரிக்கை மிகப் பெரிது) தந்துவிடும். அதை க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் கொண்டு உயர்த்தலாம், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது டாம்கேட்டின் மேக்ஸ்ஸ்வாலோசைஸ், இயல்பு மதிப்பு 2 எம்பி. பயன்பாட்டின் வரம்பு 10 எம்பி, பயனர் அனுப்புவது 20 எம்பி என்று கொள்வோம். பயன்பாடு "கோப்பு பெரிது" என்று அழகாகச் செய்தி தயாரிக்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் உடலைப் படித்துக் கழிக்க 2 எம்பி வரைதான் டாம்கேட் பொறுமை காட்டும். அதன்பின் இணைப்பையே அறுத்துவிடும். பயனர் காண்பது உங்கள் செய்தியை அல்ல, 502-ஐ. பயன்பாட்டில் 10, என்ஜின்எக்ஸில் 12, மேக்ஸ்ஸ்வாலோசைஸிலும் 12 எம்பிக்குச் சமமான பைட்கள் என்று வைத்தால், 12-க்குள் வருபவர்களுக்குப் பயன்பாட்டின் செய்தியும் அதற்கு மேல் போனால் தெளிவான 413-உம் கிடைக்கும்.

இரண்டு டாம்கேட் வைக்கும்போது

ஒன்றை மறுதொடக்கம் செய்யும்போது மற்றது தாங்கும் என்று நம்பி அப்ஸ்ட்ரீமில் இரண்டைப் போடுவார்கள். ஆனால் டாம்கேட்டின் கனெக்டரில் பைண்ட்ஆன்இனிட் இயல்பாக ட்ரூ. அதாவது வார் கோப்பு விரிந்து பயன்பாடு எழுவதற்கு முன்பே போர்ட் திறந்துவிடும். லினக்ஸ் கெர்னல் இணைப்பை வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும், பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. என்ஜின்எக்ஸ் பார்வையில் இணைப்பு வெற்றி. அதனால் அடுத்த சர்வருக்குத் தாவாமல், பயன்பாடு எழும்வரை அல்லது 60 விநாடி தீரும்வரை அங்கேயே காத்துக் கிடக்கும். பைண்ட்ஆன்இனிட்="ஃபால்ஸ்" என்று மாற்றினால் பயன்பாடு தயாராகும்வரை போர்ட் மூடியே இருக்கும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டு, கோரிக்கை அடுத்த டாம்கேட்டுக்குப் போய்விடும். இணைப்பே கிடைக்காதபோது எதுவும் அனுப்பப்படவில்லை என்பதால் இங்கே போஸ்ட் கோரிக்கையும் பத்திரமாகத் தாவும்.